‘ஸ்டேஜ் 2’ கார் வாங்கலாமா? விலைக்குள் ஒளிந்திருக்கும் ரிஸ்க் – ஓர் அலசல்

சனிக்கிழமை இரவு பதினொரு மணி. தூக்கம் வரவில்லை. பழைய கார் விற்கும் செயலியை விரலால் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். ஒரு விளம்பரத்தில் விரல் நிற்கிறது: “ஆக்டேவியா வி.ஆர்.எஸ்., 2017 மாடல், செகண்ட் ஓனர். ஸ்டேஜ் 2, டவுன்பைப், ஃபுல் எக்ஸாஸ்ட், காயில் ஓவர். ஆறு லட்சம் செலவு பண்ணியிருக்கேன். சீரியஸா வாங்குறவங்க மட்டும் கூப்பிடவும்.”

புகைப்படத்தில் கார் தரையோடு ஒட்டி நிற்கிறது. வீடியோவில் சைலன்சர் சத்தம் பட்டாசு மாதிரி வெடிக்கிறது. விலை, ஷோரூமில் நிற்கும் ஒரு புது காம்பேக்ட் எஸ்.யூ.வி.யின் விலைதான். ‘அந்த வண்டியை ஊரே வச்சிருக்கு. இது எத்தனை பேர்கிட்ட இருக்கு?’ என்று மனசு கேட்கிறது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் காரோடு சேர்த்து நீங்கள் இன்னும் மூன்று விஷயங்களையும் வாங்குகிறீர்கள்: பழைய ஓனர் எடுத்த முடிவுகள், அவற்றின் சட்டப் பொறுப்பு, அந்தப் பொறுப்பை இன்னொருவர் தலையில் இறக்கிவைக்க வேண்டிய கட்டாயம். இவை எதுவும் விளம்பரத்தில் இருக்காது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் இந்தக் கார்களுக்கு இப்போது இவ்வளவு மவுசு?

இந்தியாவில் கையில் பிடிக்கிற விலையில் வேகமான கார்கள் எப்போதும் குறைவு. ஸ்கோடா 2017-ல் கொண்டுவந்த ஆக்டேவியா வி.ஆர்.எஸ். 230 மொத்தமே 500 கார்கள்தான். விலை சுமார் 25 லட்சம் ரூபாய். 2020-ல் வந்த வி.ஆர்.எஸ். 245 வெறும் 200 கார்கள். விலை சுமார் 36 லட்சம்.

2025-ல் இதே வகைக் கார்கள் மறுபடி வந்தன. மே மாதம் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. சுமார் 53 லட்சத்துக்கு அறிமுகமானது. முதல் தவணையாக ஒதுக்கப்பட்டவை 150 கார்கள். அக்டோபரில் புதிய ஆக்டேவியா ஆர்.எஸ். சுமார் 50 லட்சத்துக்கு வந்தது. மொத்தம் 100 கார்கள். முழுவதுமாக வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் கார்கள் என்பதால் இந்த விலை, இந்த எண்ணிக்கை.

ஆக, புதுசு வேண்டுமென்றால் 50 லட்சம் வேண்டும். இல்லையென்றால் ஏழெட்டு வருடம் ஓடிய பழைய காரைத் தேட வேண்டும். 700 கார்கள் மட்டுமே விற்ற ஒரு மாடலில், யாரும் கை வைக்காத கார் கிடைப்பது கஷ்டம். இந்தக் கார்களை வாங்கியவர்களில் பலர் வேகத்துக்காகவே வாங்கியவர்கள். கொஞ்சம் ஓட்டிப் பழகியதும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று தோன்றியிருக்கும். அதனால் சந்தைக்கு வரும் நல்ல கார்களிலும் மாற்றம் செய்தவை நிறைய. போலோ ஜி.டி. மாதிரி சிறிய டர்போ கார்களிலும் இதே கதைதான்.

‘ஸ்டேஜ் 1, 2, 3’ என்றால் என்ன?

டர்போ பெட்ரோல் இன்ஜினில் எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்பதை இ.சி.யூ. என்ற கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. தயாரிப்பாளர்கள் இதில் கொஞ்சம் இடம் விட்டுத்தான் விற்கிறார்கள். மோசமான பெட்ரோல், வெயில், சர்வீஸுக்கே போகாத ஓனர் என எல்லாவற்றையும் தாங்க வேண்டுமே!

அந்த இடத்தை எடுத்துப் பயன்படுத்துவதுதான் டியூனிங். வெறும் சாஃப்ட்வேரை மட்டும் மாற்றினால் ஸ்டேஜ் 1. அதோடு புகை வெளியேறும் வழியை அகலப்படுத்த டவுன்பைப், குளிர்ச்சிக்குப் பெரிய இன்டர்கூலர் போன்றவை சேர்ந்தால் ஸ்டேஜ் 2. டர்போவையே பெரிதாக மாற்றினால் ஸ்டேஜ் 3.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த ‘ஸ்டேஜ்’ எந்த அரசு அமைப்பும் வகுத்த தரநிலை கிடையாது. பட்டறைகளும் டியூனிங் கம்பெனிகளும் புழங்கும் பேச்சு வழக்கு, அவ்வளவுதான். ஒரு கடையின் ஸ்டேஜ் 2-வும் இன்னொரு கடையின் ஸ்டேஜ் 2-வும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்று, பல மாதம் சோதித்து எழுதிய சாஃப்ட்வேராக இருக்கலாம். இன்னொன்று, இணையத்தில் கிடைத்த ஃபைலை ஏற்றிவிட்டதாக இருக்கலாம். வெளியில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் உறுமும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதற்கானது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி வண்டியை ஓனர் மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. மாநில விதிகளைக் காட்டி, தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறான மாற்றங்களை அனுமதிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அப்படியென்றால் எதையுமே தொடக் கூடாதா? அப்படியில்லை. நிறத்தை மாற்றலாம், ஆனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் பதிய வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி. கிட் பொருத்த வழி இருக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டுக்கும் விதிகள் இருக்கின்றன. சீட் கவர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் பிரச்சினை இல்லை.

ஆனால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டுப் போட்ட டவுன்பைப்? புகை விதி மீறல். பட்டாசு வெடிக்கும் எக்ஸாஸ்ட்? சத்த விதி மீறல். வேறு இன்ஜினைத் தூக்கி வைத்து ஆர்.சி.யில் எண்ணை மாற்றாமல் இருந்தால்? அது எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல்.

அபராதம் எவ்வளவு? அனுமதியில்லாத மாற்றம் செய்த ஓனருக்கு, 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதை இன்னொரு முறை படியுங்கள். புகை, சத்த விதிகளை மீறினால் 190(2) பிரிவு தனி: முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதம் லைசென்ஸும் போகும்.

“மாத்தினது நான் இல்லை சார், பழைய ஓனர்” என்று வாதாட முடியுமா? முடியும். ஆனால் ரோட்டில் நிற்பது உங்கள் வண்டி. விதிகளுக்குப் பொருந்தாத வண்டியின் பதிவை நிறுத்திவைக்க 53-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. 2021-ல் கேரளத்தின் கண்ணூரில், யூடியூபில் பிரபலமான இரு சகோதரர்களின் மாற்றியமைக்கப்பட்ட வேனை மோட்டார் வாகனத் துறை பறிமுதல் செய்தது நினைவிருக்கலாம். தினமும் யாரும் பிடிக்கவில்லை என்பதால், எப்போதும் பிடிக்க மாட்டார்கள் என்று அர்த்தம் இல்லை.

அபராதத்தைவிடப் பெரியது: இன்சூரன்ஸ்

ஐயாயிரமோ பத்தாயிரமோ கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

கார் இன்சூரன்ஸில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கானது. இன்னொன்று, உங்கள் காரால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்டு பார்ட்டி.

முதல் பகுதியில், காரின் மதிப்பை ஐ.டி.வி. என்பார்கள். தயாரிப்பாளரின் பட்டியல் விலையிலிருந்து வயதுக்கான தேய்மானத்தைக் கழித்து இது வரும். ஐந்து வருடத்தை நெருங்கும்போது பாதியாகிவிடும். அதற்குப் பிறகு கம்பெனியும் நீங்களும் பேசி முடிவுசெய்யும் தொகை. இதில் அந்த ‘ஆறு லட்சம் செலவு’ எங்கேயும் இல்லை. தனியாகத் தெரிவித்து, கம்பெனி ஏற்று, அதற்கு பிரீமியம் கட்டியிருந்தால்தான் உண்டு. சட்டப்படி அனுமதியில்லாத பாகத்தை எப்படித் தெரிவிப்பது? தெரிவித்தால் மறுப்பார்கள். மறைத்தால், விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து பானெட்டைத் திறக்கும்போது ‘முக்கியத் தகவலை மறைத்தார்’ என்று கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். பத்துப் பதினைந்து லட்சம் ரூபாய் காரில், அந்த ஒரு கடிதம் போதும்.

இரண்டாவது பகுதி இன்னும் கனமானது. விபத்தில் ஒருவர் இறந்தாலோ காயம்பட்டாலோ, தேர்டு பார்ட்டி இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. அடிபட்டவர் சம்பாதிக்கும் வயதில் இருந்தால், தீர்ப்பாயம் விதிக்கும் தொகை கோடியைத் தொடலாம். பாதிக்கப்பட்ட குடும்பம் கைவிடப்படக் கூடாது என்பதற்காக, பாலிசியில் பிரச்சினை இருக்கும் பல வழக்குகளில் நீதிமன்றங்கள் ஒரு வழியைப் பின்பற்றுகின்றன: ‘இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.’ பாதிக்கப்பட்டவருக்கு இது நியாயம். ஓனருக்கு? வாழ்நாள் கடன். தகவலை மறைத்து எடுத்த பாலிசி என்ற வாதம் அங்கே எழுந்தால், அந்த இடத்தில் நிற்கப்போவது நீங்கள்.

இன்னொன்று. பழைய ஓனரின் பாலிசி தானாக உங்களுக்கு முழுசாக வந்துவிடாது. தேர்டு பார்ட்டி பகுதி தொடரும். உங்கள் காருக்கான சேதப் பகுதி உங்கள் பெயருக்கு வர, 14 நாளுக்குள் விண்ணப்பித்து மாற்ற வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் காருக்கு உரியது அல்ல, ஆளுக்கு உரியது. அதைப் பழைய ஓனர் தன்னோடு எடுத்துப் போய்விடுவார்.

இன்ஜினுக்குள் என்ன நடந்திருக்கும்?

டியூன் செய்த எல்லாக் காரும் மோசம் என்று சொல்ல முடியாது. சில ஆர்வலர்கள் கம்பெனி சொல்வதைவிடச் சீக்கிரமே ஆயில் மாற்றுவார்கள், ஒவ்வொரு பில்லையும் ஃபைல் போட்டு வைப்பார்கள். அப்படிப்பட்டவரின் காரை, சர்வீஸே பார்க்காத ஸ்டாக் காரைவிடத் தைரியமாக வாங்கலாம். ஆனால் அவர் அப்படிப்பட்டவர்தானா என்பதைக் காரை வைத்து மட்டும் கண்டுபிடிப்பது கஷ்டம். தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கும்.

பெட்ரோல்: நம் பங்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் நீண்ட காலம் 91 என்ற அளவில் இருந்தது. 95-க்கும், 100-க்கும் எழுதிய டியூனில் சாதாரண பெட்ரோலை ஊற்றி ஓட்டினால், எரிய வேண்டிய நேரத்துக்கு முன்பே கலவை வெடிக்கும். இதைத்தான் ‘நாக்கிங்’ என்கிறோம். பிஸ்டனுக்கு இது மெதுவாக விழும் சுத்தியல் அடி. பழைய ஓனர் எந்த பெட்ரோல் போட்டார்? பில் இருந்தால்தான் தெரியும்.

இ20: இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் ஆக்டேன் அதிகம், அது நாக்கிங்குக்கு நல்லது. ஆனால் ஆற்றல் குறைவு. அதே வேலைக்கு இன்ஜெக்டர் அதிக எரிபொருளைத் தெளிக்க வேண்டும். ஸ்டாக் காரில் இ.சி.யூ. இதை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ஏற்கெனவே எரிபொருள் பம்பையும் இன்ஜெக்டரையும் எல்லை வரை இழுத்துப் பிழியும் டியூனில், முழு ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் பற்றாமல் போகலாம். இ20 வருவதற்கு முன் எழுதிய டியூன் என்றால், இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். இந்த வயது கார்களின் ரப்பர் குழாய், சீல்கள் இ20-க்காக வடிவமைத்தவை அல்ல என்பது தனி விஷயம்.

கியர்பாக்ஸ்: இன்ஜினின் இழுவிசையைக் கூட்டுவது சுலபம். அதைத் தாங்க வேண்டியது கிளட்ச். ‘ஸ்டேஜ் 2’ காரில் கிளட்ச் ஸ்டாக்காகவே இருந்தால், அது எப்போது வழுக்க ஆரம்பிக்கும் என்பது ஓட்டியவரின் கால் எடையைப் பொறுத்தது.

சஸ்பென்ஷன்: தாழ்த்திய கார் படத்துக்கு அழகு. நம் ஊர் ஸ்பீட் பிரேக்கருக்கு? கன்ட்ரோல் ஆர்ம் புஷ், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட், ஆயில் சம்ப் எல்லாம் அடி வாங்கும். அகல வீல், ஸ்பேசர் போட்டிருந்தால் வீல் பேரிங்கும் சேர்ந்து தேயும்.

ஏர்பேக்: இதைத்தான் பலர் பார்க்கவே மாட்டார்கள். ரேஸ் ஸ்டியரிங் போட்டிருந்தால், அதில் ஏர்பேக் இருக்காது. பக்கெட் சீட் போட்டிருந்தால், ஒரிஜினல் சீட்டில் இருந்த பக்கவாட்டு ஏர்பேக் போயிருக்கும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க ஒரு சின்ன ரெசிஸ்டரை மாட்டி ஏமாற்றிவிடலாம். அபராதத்தையும் பணத்தையும் விடுங்கள். பக்கத்து சீட்டில் உட்காரப்போவது உங்கள் வீட்டுக்காரர்.

கை மாறும் பொறுப்பு

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு வழங்கியது. பல கை மாறியும் ஆர்.சி.யில் பெயர் மாறாத ஒரு கார், ஒரு குழந்தையின் உயிரைப் பறித்த வழக்கு அது. விபத்து நடந்த அன்று ஆர்.சி.யில் யார் பெயர் இருந்ததோ அவரே ஓனர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றது நீதிமன்றம்.

மாற்றம் செய்த கார்களில் இந்தப் பெயர் மாறாத கதை அதிகம் நடக்க ஒரு காரணம் உண்டு. பெயர் மாற்றும்போதோ வேறு மாநிலத்திலிருந்து கொண்டுவரும்போதோ, அதிகாரி வண்டியை நேரில் பார்க்கக் கேட்கலாம். அதைத் தவிர்க்கக் கையெழுத்துப் போட்ட வெற்று ஃபார்ம் 29, 30-ஐக் கொடுத்து, “அப்புறமா மாத்திக்கோங்க பாஸ்” என்பார்கள். அப்படி வாங்காதீர்கள். நாளை நீங்கள் விற்கும்போதும் அப்படி விற்காதீர்கள்.

வேறு மாநில வண்டியென்றால் ஃபார்ம் 28-ல் என்.ஓ.சி., இங்கே மீண்டும் சாலை வரி, புதுப் பதிவு எண் என்று ஒரு பெரிய படலமே இருக்கிறது. பெங்களூரு விலையையும் சென்னை விலையையும் ஒப்பிடும்போது வரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தனிநபரிடம் வாங்குகிறீர்களா, டீலரிடமா என்பதும் முக்கியம். டீலரிடம் ஏமாந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தன் சொந்தக் காரை விற்கும் தனிநபர் வியாபாரி அல்ல என்பதால் அந்த வழி பொதுவாகத் திறக்காது, சிவில் கோர்ட்தான். பழைய கார் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, என்ன விலை கொடுக்கலாம்?

விற்பவர் போடும் கணக்கு: ‘ஸ்டாக் கார் விலை + நான் செலவு செய்ததில் கொஞ்சம்.’ நீங்கள் போட வேண்டிய கணக்கு இதற்கு நேர் எதிர்: ‘ஸ்டாக் கார் விலை – மறுபடி ஸ்டாக் ஆக்கும் செலவு – ரிஸ்க்.’

கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். அதே வருட ஸ்டாக் கார் 17 லட்சத்துக்குப் போகிறது. மாற்றம் செய்த காருக்கு 18.5 லட்சம் கேட்கிறார். ஒரிஜினல் எக்ஸாஸ்ட், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், சஸ்பென்ஷன், வீல் எதுவும் அவரிடம் இல்லை. எல்லாம் புதிதாக வாங்கி மாட்ட 3.5 லட்சம் என்று எஸ்டிமேட் வருகிறது. டர்போ, கிளட்ச் போன்றவற்றுக்குப் பாதுகாப்பாக 1.5 லட்சம் ஒதுக்குகிறீர்கள். அப்போது அந்தக் காருக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது 12 லட்சம். அவர் கேட்பதற்கும் இதற்கும் 6.5 லட்சம் வித்தியாசம்.

இப்போது அதே ஓனர், “ஒரிஜினல் பார்ட்ஸ் எல்லாம் வீட்டு மாடியில பெட்டியில இருக்கு” என்கிறார் என்று வையுங்கள். மாட்டும் கூலி, ஸ்டாக் சாஃப்ட்வேர் ஏற்றுவது எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய். கணக்கு 14.9 லட்சமாக உயர்கிறது. அந்த மாடிப் பெட்டியின் மதிப்பு கிட்டத்தட்ட மூன்று லட்சம்! ஆறு லட்சம் செலவழித்த பாகங்களைவிட, கழற்றிவைத்த பழைய பாகங்களுக்குத்தான் உங்களுக்கு மதிப்பு.

கடன் வாங்கும்போதும் இதே கதைதான். வங்கியின் மதிப்பீட்டாளர் அந்த மாடலின் சந்தை விலையைத்தான் பார்ப்பார். மேலே உள்ள தொகை உங்கள் சேமிப்பிலிருந்து போகும்.

டோக்கன் அட்வான்ஸ் போடுவதற்கு முன்

1. பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவு நிலை, ஹெச்.பி. என்ட்ரி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் ஆகியவற்றைப் பாருங்கள். நிலுவையில் உள்ள இ-சலான்களையும் பாருங்கள். சத்தத்துக்காகவும் வேகத்துக்காகவும் விழுந்த சலான்கள், ஓட்டியவரைப் பற்றிச் சொல்லிவிடும்.

2. இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு நேரில் ஒப்பிடுங்கள். நிறமும் ஆர்.சி.யில் உள்ளதுதானா? ஸ்டிக்கர் ராப் ஒட்டியிருந்தால், அடியில் என்ன டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது என்று ஓரங்களைத் தூக்கிப் பாருங்கள்.

3. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். “சூடாக்கி வச்சிருக்கேன் வாங்க” என்றால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்ததும் வரும் நீலப் புகை, டைமிங் செயின் சத்தம் எல்லாம் குளிர்ந்த இன்ஜினில்தான் தெரியும்.

4. இக்னிஷன் போட்டதும் ஏர்பேக், இன்ஜின் விளக்குகள் எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம்தான்.

5. அந்த பிராண்ட் தெரிந்த, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஸ்கேன், கம்ப்ரெஷன் டெஸ்ட், லீக்-டவுன் டெஸ்ட் செய்யுங்கள். அடியில் ஏற்றிப் பாருங்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகும். இதற்கு மறுக்கும் ஓனரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

6. டியூன் செய்தது யார், எந்த வருடம், எந்த பெட்ரோலுக்கு, ஸ்டாக் ஃபைல் இருக்கிறதா? பில்லோடு பதில் வர வேண்டும்.

7. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ‘டயர் புதுசு’ என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

8. வாங்க முடிவுசெய்துவிட்டால், பணம் கைமாறும் முன்பே இன்சூரன்ஸ் கம்பெனியிடம் காரில் உள்ள மாற்றங்களைச் சொல்லி, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்லும் “ஒண்ணும் ஆகாது சார்” கிளெய்ம் நேரத்தில் உதவாது.

இதில் தப்பு வாங்குபவரிடம் மட்டும்தானா?

இல்லை. ஜெர்மனியில் மாற்றம் செய்த காரைச் சட்டப்படி ஓட்ட முடியும். பாகத்துக்குச் சான்றிதழ் இருக்க வேண்டும், அல்லது டி.யூ.வி. போன்ற அமைப்பின் நிபுணர் காரைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். பிறகு அது காரின் ஆவணத்தில் ஏறும். இன்சூரன்ஸும் அதைப் பார்க்கும். அடுத்து வாங்குபவருக்கும் காகிதத்தில் எல்லாம் தெரியும்.

இங்கே சி.என்.ஜி. கிட்டுக்கு அப்படி ஒரு பாதை இருக்கிறது. இன்ஜின் டியூனிங்குக்கோ, நல்ல தரமான சஸ்பென்ஷனுக்கோ, பெரிய பிரேக்குக்கோ தனிநபர் போய் சோதித்து ஒப்புதல் வாங்கும் நடைமுறை வழி இல்லை. ஆனால் பாகங்கள் கடையில் பகிரங்கமாக விற்கின்றன. இன்வாய்ஸ் உண்டு, ஜி.எஸ்.டி. உண்டு. விற்கும்போது சட்டம் தடுப்பதில்லை, மாட்டிய பிறகு ஓனரைத் தண்டிக்கிறது. கடைக்காரருக்கு லாபம் வந்துவிட்டது, முதல் ஓனருக்கு ஆசை தீர்ந்துவிட்டது. ரிஸ்க் மட்டும் கை மாறி மாறி, கடைசியாக ஆர்.சி.யில் பெயர் ஏறுபவரிடம் வந்து நிற்கிறது. பிரேக்கை மேம்படுத்திய காரையும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பிடுங்கி எறிந்த காரையும் ஒரே தட்டில் வைக்கும் நிலை மாறாதவரை, வாங்குபவர்தான் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்போ யார் வாங்கலாம்?

தினமும் ஆபீஸ் போக, குடும்பத்தோடு ஊருக்குப் போக ஒரே கார்தான், அதுவும் கடனில்தான் என்றால், இந்தக் கார் உங்களுக்கு வேண்டாம். அதே மாடலில் ஸ்டாக் கார் கிடைக்கும்வரை காத்திருங்கள். ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது, கையில் ரிப்பேருக்கென்று தனிப் பணம் இருக்கிறது, ஒரிஜினல் பாகங்களோடு கார் கிடைக்கிறது என்றால் யோசிக்கலாம். வாங்கியதும் முதல் வேலையாக ஸ்டாக் நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தொழிற்சாலை கொடுத்த 230 குதிரைத்திறனே ஓ.எம்.ஆருக்கு அதிகம்தான்.

வேகத்துக்காகவே வேண்டுமென்றால், அதற்கு இடம் இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரியான ரேஸ் டிராக்குகள். டிராக்குக்கென்றே ஒரு காரை வைத்து, டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே 52-வது பிரிவு தொல்லை இல்லை. ஆனால் சாதாரண கார் பாலிசி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் கவர் செய்யாது. டிராக்கில் உடைந்தால் செலவு உங்களுடையது. அதைத் தெரிந்து செய்தால் அது ஒரு பொழுதுபோக்கு. தெரியாமல் செய்தால் நஷ்டம்.

இவ்வளவும் படித்த பிறகும் அந்த விளம்பரம் மனதை விட்டுப் போகவில்லையா? பரவாயில்லை. விற்பவருக்கு முதல் மெசேஜில் “கடைசி விலை எவ்வளவு?” என்று கேட்காதீர்கள். “ஒரிஜினல் பார்ட்ஸ் எல்லாம் இருக்கா? என் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரலாமா?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் உடனே “இருக்கு, வாங்க” என்று பதில் வந்தால் மட்டும், ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பிப் போங்கள்.